அழைப்பைக் கேட்பவரும் வேலையைச் செய்பவரும்

(கம்பியில்லா வலைச் சாதன இயக்கியில் குறுக்கீட்டைக் கையாளும் முறை – ஓர் எளிய விளக்கம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

முன்னுரை

சென்ற பருவத்தில் எங்கள் துறையில் நடைபெற்ற மாணவர் கருத்தரங்கில் ‘குறுக்கீடு’ என்னும் தலைப்பில் பேச எனக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஆங்கில நூலில் இருந்த நான்கு பக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தடையின்றி ஒப்பித்தேன். “குறுக்கீட்டைக் கையாளும் நிரல் எந்த நிலையிலும் உறங்கக் கூடாது” என்ற வரியையும் ஒப்பித்தேன். பேச்சு முடிந்ததும் பேராசிரியர் அவர்கள், “ஏன் உறங்கக் கூடாது? உறங்கினால் என்ன ஆகும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். எனக்கு நூலின் அடுத்த வரிதான் நினைவுக்கு வந்ததே தவிர, விடை வரவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். “தெரிந்துகொண்டு வந்து சொல்லு தம்பி, அவசரம் இல்லை” என்று மட்டும் சொன்னார்கள். அன்று சொல்ல முடியாத விடையே இக்கட்டுரையாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பேருந்து நிலையத்தின் அருகில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். காலை ஐந்தரை மணி முதல் எட்டரை மணி வரை பெஞ்சுகளுக்கு இடையில் நின்று, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அம்மாவிடம் கூவிச் சொல்வது என் வேலை. நூலகத்தில் எனக்குப் பிடிபடாத விடை, அந்தக் கடையில்தான் பிடிபட்டது. அதை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

குறுக்கீடு என்பது யாது?

கணிப்பொறியின் செயலி மிக வேகமானது. அதனோடு இணைந்த சாதனங்களோ அதை நோக்க மிக மெதுவானவை. விசைப்பலகையில் அடுத்த விசை எப்போது தட்டப்படும், வலையிலிருந்து அடுத்த செய்தி எப்போது வரும் என்பது செயலிக்குத் தெரியாது. அறிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, “வந்ததா? வந்ததா?” என்று செயலியே ஓயாமல் போய்ப் பார்ப்பது. மற்றொன்று, செயலி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஏதேனும் நிகழும்போது சாதனமே மணி அடித்து அழைப்பது. அந்த மணிதான் குறுக்கீடு. ஆங்கிலத்தில் இண்டரப்ட் என்பர்.

மணி அடித்ததும் செயலி, தான் செய்துகொண்டிருந்த நிரலில் எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பின்னர் அந்த அழைப்புக்கென எழுதப்பட்ட ஒரு சிறு நிரலுக்குத் தாவுகிறது. அதைக் ‘கையாளி’ என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவேன். கையாளி முடிந்ததும் செயலி பழைய இடத்திற்கே திரும்பி, ஒன்றுமே நடவாததுபோல் விட்ட வேலையைத் தொடர்கிறது.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவில் 1954-இல் உருவான டிசியாக் என்னும் கணிப்பொறி, உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றுக்குக் குறுக்கீட்டைப் பயன்படுத்திய தொடக்கக் கால இயந்திரங்களுள் ஒன்று. நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, எக்ஸ்1 என்னும் கணிப்பொறிக்காகத் தாம் எழுதிய குறுக்கீட்டு நிரலைப் பொருளாகக் கொண்டு 1959-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். இதில் உள்ள தொல்லை அன்றும் இன்றும் ஒன்றே. மணி எந்த நொடியில் அடிக்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. ஆகவே நிரலில் பிழை இருந்தால் அது ஒரு நாள் தோன்றும். மறுநாள் தேடினால் அகப்படாது.

கம்பியில்லா அட்டை எதற்காக அழைக்கிறது?

சாதனத்திற்கும் இயக்கமுறைமைக்கும் இடையில் நின்று பேசும் நிரலைச் ‘சாதன இயக்கி’ என்கிறோம். கம்பியில்லா வலை அட்டையின் இயக்கி, அவற்றுள் சிக்கலானது. அட்டை பல காரணங்களுக்காக மணி அடிக்கும். காற்றில் ஒரு செய்திச் சட்டம் வந்து சேர்ந்திருக்கலாம். நாம் அனுப்பிய சட்டம் போய்ச் சேர்ந்ததா என்ற முடிவு தெரிந்திருக்கலாம். அட்டையே நிலையமாகச் செயல்படும்போது, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்கும் பீக்கன் சட்டத்தை அனுப்பும் நேரம் நெருங்கியிருக்கலாம். இது வழக்கமாக 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை வரும். அலைவாங்கிப் பகுதியில் கோளாறு நேர்ந்திருக்கலாம்.

அழைப்புகள் எவ்வளவு நெருக்கமாக வரும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். விநாடிக்கு 2 கோடி பிட் வேகத்தில், 1,500 பைட் கொண்ட சட்டங்களாகச் செய்தி வருகிறது எனக் கொள்வோம். ஒரு சட்டத்திற்கு 12,000 பிட். எனவே விநாடிக்கு ஏறத்தாழ 1,670 சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திற்கும் ஒரு மணி என்றால், அரை மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஓயாமல் மணி அடிக்கும்.

அந்த அழைப்பில் செய்யவேண்டிய வேலையும் சிறிதன்று. சட்டத்தை நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டும்; அது பழுதற்றதா என்று பார்க்க வேண்டும்; மேலடுக்கிற்கு அனுப்ப வேண்டும்; அடுத்த சட்டத்திற்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும். இவ்வளவையும் மணி அடித்த இடத்திலேயே செய்யலாமா என்பதே கேள்வி.

அம்மாவின் மணிக்கட்டு

இங்கே எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் அம்மாதான் செயலி. அழைப்பு விடுக்கும் சாதனம் நான். தோசைக் கல், இட்லிக் கொப்பரை, சட்னி, பார்சல், சில்லறை எல்லாம் அம்மாவின் இரண்டு கைகளில்தான். கருத்தரங்கிற்கு ஒரு மாதம் முன்பு ஒரு நாள் கூட்டம் அதிகம். “அம்மா, மூணு பார்சல், பஸ் கெளம்புது, இப்பவே குடும்மா” என்று கூவிக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன். சாம்பார்க் கரண்டியைக் கேட்டுக் கையை நீட்டினேன். அம்மா அப்போது கொப்பரையின் மூடியைப் பாதி தூக்கியிருந்தார். திரும்பிய வேகத்தில் ஆவி முழுவதும் மணிக்கட்டில் அடித்தது. “கையில வேலையா இருக்கேன்னு பார்க்க மாட்டியாப்பா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மறுநாள் நான் படித்த காலத்துச் சிலேட்டு ஒன்றைத் தேடி எடுத்து, அம்மாவின் கைக்கு எதிரே கட்டித் தொங்கவிட்டேன். அன்று முதல் நான் ஒரு தடவைதான் குரல் கொடுப்பேன். அம்மா தலையசைப்பார். நான் வேண்டியதைச் சிலேட்டில் எழுதிவிட்டு விலகிவிடுவேன், பிறகு கூவமாட்டேன். கைவேலை முடிந்ததும் அம்மா சிலேட்டைப் பார்த்து, எழுதியவற்றை எல்லாம் வரிசையாக முடிப்பார். துடைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். அதன் பிறகே அடுத்த குரல்.

கருத்தரங்கில் வாயடைத்து நின்ற மறுநாள் காலை, இந்தச் சிலேட்டைப் பார்த்தபோதுதான் பேராசிரியர் கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது.

உறங்கக் கூடாத இடம்

‘உறங்குதல்’ என்பது, ஒரு நிரல் தனக்கு வேண்டிய பொருள் கிடைக்கும் வரை செயலியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருத்தல். ஒரு நிரல் உறங்க வேண்டுமானால், “இன்னார் உறங்குகிறார், பொருள் வந்ததும் எழுப்பு” என்று எழுதி வைக்க அதற்குப் பட்டியலில் தனி இடம் வேண்டும். கையாளிக்கு அந்த இடம் இல்லை. அது ஓடிக்கொண்டிருந்த வேறொரு நிரலின் இடத்தை இரவல் வாங்கி நடப்பது. ஆகவே அது உறங்கினால், ஒரு குற்றமும் அறியாத அந்த நிரலும் சேர்ந்து முடங்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரே பட்டியலை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் திருத்திவிடாதபடி காக்கப் பூட்டு என்னும் ஏற்பாடு உள்ளது. ஒரு நிரல் பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது மணி அடிக்கிறது. கையாளி வந்து அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டை வைத்திருக்கும் நிரல் மேலே நகர்ந்தால்தான் அதை விட முடியும். ஆனால் கையாளி முடிந்தால்தான் அந்த நிரல் நகர முடியும். கையாளியோ பூட்டுக் கிடைக்காமல் முடியாது. அந்தச் செயலியில் இனி எதுவுமே நடவாது. அம்மாவின் கையில் இருந்த கரண்டியைக் கேட்டு, அவரை வேலையை முடிக்கவிடாமல் நான் நின்றேனே, அதே நிலைதான் இது. பேராசிரியர் அவர்களின் கேள்விக்கு விடை இதுவே.

பழைய முறை

லினக்ஸ் என்னும் இயக்கமுறைமை 1991-இல் வெளிவந்தது. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம் என்பது என் போன்றோருக்குப் பெரும் உதவி. அதில் பிராட்காம் நிறுவனத்தின் கம்பியில்லாச் சில்லுகளுக்கு உரிய ‘பி43’ என்ற இயக்கியை எடுத்துக்கொள்வோம். அது 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சில்லின் விவரங்கள் அப்போது வெளியிடப்படாததால், ஒரு குழுவினர் ஆராய்ந்து விவரக் குறிப்பு எழுத, மற்றொரு குழுவினர் அக்குறிப்பை மட்டும் கொண்டு இயக்கியை எழுதினர்.

தொடக்கத்தில் இந்த இயக்கி, மணி அடித்ததும் சிறிது வேலையைக் கையாளியில் செய்து, மீதியை ‘டாஸ்க்லெட்’ என்னும் பகுதிக்குத் தள்ளிவிடும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரைகுறை ஏற்பாடு. ஏனெனில் டாஸ்க்லெட்டும் உறங்கக் கூடாத இடமே. ஆதலால் இயக்கியில் இரண்டு வகைப் பூட்டுகள் தேவைப்பட்டன. ஒன்று மியூடெக்ஸ். இதற்காகக் காத்திருப்பவர் உறங்கலாம். அலைவரிசையை மாற்றுதல் போன்ற நிதானமான வேலைகளுக்கு இது. மற்றொன்று ஸ்பின்லாக். இதற்காகக் காத்திருப்பவர் உறங்காமல் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டே இருப்பார். அதைப் பிடிக்கும்போது அந்தச் செயலியின் குறுக்கீடுகளையும் அணைத்து வைக்க வேண்டும்.

இதனால் நிரல் எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும், “நான் இப்போது எந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறேன்? இங்கே உறங்கலாமா? இரண்டும் வேண்டுமானால் எதை முதலில் பிடிப்பது?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் போதும். எப்போதோ ஒரு நாள் கணிப்பொறி உறைந்து நிற்கும். மறுநாள் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடும்.

2009-இல் வந்த மாற்றம்

குறுக்கீட்டின் வேலையைத் தனி இழைக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம், நிகழ்நேர லினக்ஸ் என்னும் முயற்சியில் வளர்ந்தது. ‘இழை’ என்பது பட்டியலில் தனக்கென இடம் உடைய ஒரு நிரலோட்டம். அதனால் உறங்க முடியும். தாமஸ் கிளைக்ஸ்னர் என்பவர் உருவாக்கிய இவ்வசதி, 2009 ஜூனில் வெளியான 2.6.30 பதிப்பில் பொது லினக்ஸுக்கு வந்தது. அதே ஆண்டில் பி43 இயக்கியும் இம்முறைக்கு மாற்றப்பட்டு, டிசம்பரில் வெளியான 2.6.32 பதிப்பில் இடம்பெற்றது.

புதிய முறையில் வேலை இரண்டாகப் பிரிகிறது. முதற்பகுதி மணியைக் கேட்கும் பகுதி. அதன் படிகள் இவை:

1. அட்டையில் உள்ள ‘காரணப் பதிவக’த்தைப் படிக்கிறது. 32 பிட் கொண்ட இப்பதிவகத்தில், ஒவ்வொரு பிட்டும் ஒரு காரணத்தைக் குறிக்கும். ஒரே மணிக்கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்வது உண்டு. ஆகவே நமக்குரிய காரணம் ஒன்றும் இல்லையெனில், “இது எனக்கு வந்த அழைப்பன்று” என்று சொல்லித் திரும்பிவிடுகிறது.

2. “கேட்டுவிட்டேன்” என்று அட்டைக்கு ஒப்புகை எழுதுகிறது. இது அம்மாவின் தலையசைப்பு.

3. அட்டையின் ‘மறைப்புப் பதிவக’த்தில் சுழியத்தை எழுதுகிறது. அதாவது, “நான் சொல்லும் வரை மீண்டும் மணி அடிக்காதே” என்கிறது. இதைச் செய்யாவிட்டால், வேலை தொடங்கும் முன்பே அடுத்தடுத்த மணிகள் வந்து அந்தச் செயலியை நகரவிடா.

4. காரணத்தை நினைவகத்தில் குறித்துக்கொள்கிறது. இது சிலேட்டு. பின்னர், “இழையை எழுப்புக” என்று கூறி முடிந்துவிடுகிறது.

இரண்டாம் பகுதி வேலை செய்யும் இழை. அது முதலில் மியூடெக்ஸைப் பிடிக்கிறது. கிடைக்காவிட்டால் உறங்கிக் காத்திருக்கிறது. பின்னர்க் குறித்து வைத்த காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வேலையை முடிக்கிறது. இறுதியில் மறைப்புப் பதிவகத்தில் பழைய மதிப்பை மீண்டும் எழுதுகிறது. இதற்கிடையில் புதிதாக ஏதும் நிகழ்ந்திருந்தால், அது காரணப் பதிவகத்தில் பதிந்தே இருக்கும். மறைப்பு நீங்கியதும் மணி அடிக்கும். எதுவும் தொலைந்து போவதில்லை.

உவமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் சிலேட்டில் எழுதுபவன் நான்; கணிப்பொறியில் எழுதுவதும் செயலிதான். ஆனால் எழுதும் நேரம் மிகச் சிறிது என்பதே இங்கு முக்கியம்.

இம்மாற்றத்தால் இயக்கியின் வேலைகளுக்கெல்லாம் ஒரே பொதுப் பூட்டாக மியூடெக்ஸ் போதுமாயிற்று. அலைவரிசை மாற்றுபவரும் அதையே பிடிக்கிறார். குறுக்கீட்டு இழையும் அதையே பிடிக்கிறது. மணி கேட்கும் பகுதிக்கு மட்டும் சிறு ஸ்பின்லாக் ஒன்று மிஞ்சியது. இன்னொரு நன்மையும் விளைந்தது. எஸ்.டி.ஐ.ஓ. என்னும் பாதையில் இணைக்கப்பட்ட அட்டையில், ஒரு பதிவகத்தைப் படிப்பதற்கே உறங்க நேரிடும். பழைய முறையில் அத்தகைய அட்டைக்கு இடமே இல்லை. புதிய முறையில் அதே இரண்டு பகுதிகளை, உறங்கத்தக்க இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்தால் போதும்.

இம்முறைக்கு விலை இல்லையா?

உண்டு. இழையை எழுப்பி அதற்குச் செயலியை மாற்றிக் கொடுக்கச் சிறிது நேரம் ஆகும். மிக வேகமான வலை அட்டைகளுக்கு இது போதாது. அழைப்புகள் மிகுந்துவிட்டால், செயலி மணி கேட்பதிலேயே முழு நேரத்தையும் கழித்து, ஒரு செய்தியைக்கூட உரியவரிடம் சேர்க்காமல் போகும். இந்நிலையை ஜெஃப்ரி மொகல், கே. கே. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கி, அதற்கு மாற்றும் கூறினர். நெருக்கடி வந்துவிட்டால் மணியை அணைத்துவிட்டுச் செயலியே போய் வரிசையைப் பார்ப்பதும், ஒரு தடவைக்கு இத்தனைதான் என்று அளவு வைத்துக்கொள்வதும் நல்லது என்பது அதன் சாரம். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லினக்ஸில் சேர்ந்த ‘நேப்பி’ என்னும் முறை இத்தகையதே.

முகூர்த்த நாட்களில் எங்கள் கடையிலும் இப்படித்தான். அன்று நான் குரல் கொடுப்பதே இல்லை. அம்மா ஒரு ஈடு இட்லி இறக்கியதும் தாமே பெஞ்சுகளைப் பார்த்து, யார் யாருக்கு என்று கேட்டுப் போட்டுவிடுவார். கூட்டம் குறைந்தால் மீண்டும் சிலேட்டு. ஆகவே எல்லா இடத்திற்கும் ஏற்ற முறை என்று ஒன்று இல்லை. வரும் வேலையின் அளவை அறிந்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்களே காணலாம்

ஐயமுள்ள நண்பர்கள், துறை ஆய்வகத்தில் லினக்ஸ் நிறுவப்பட்ட எந்தக் கணிப்பொறியிலும் இதை நேரில் காணலாம். ‘புராக்’ என்னும் அடைவில் ‘இண்டரப்ட்ஸ்’ என்ற கோப்பைத் திறந்தால், எந்தச் சாதனம் எத்தனை முறை மணி அடித்தது என்ற எண்ணிக்கை செயலிவாரியாக இருக்கும். விசைப்பலகையை நாலு முறை தட்டிவிட்டு, அல்லது வலையிலிருந்து ஒரு கோப்பை இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள், எண் ஏறியிருக்கும். ஓடும் நிரல்களின் பட்டியலைக் காட்டும் ‘பி.எஸ்.’ கட்டளையை இட்டால், ‘ஐ.ஆர்.க்யூ.’ என்று தொடங்கும் பெயருடைய இழைகள் சில தென்படலாம். அவையே நாம் இதுவரை பேசிய இழைகள்.

இம்முறை பிறந்த நிகழ்நேர லினக்ஸ் முயற்சி, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் பொது லினக்ஸோடு இணைந்தது. அதில் பெரும்பாலான குறுக்கீடுகளின் வேலை இழைகளிடமே விடப்படுகிறது.

முடிவுரை

எளிமையாக்குதல் என்றால் வரிகளைக் குறைப்பது என்று நான் எண்ணியிருந்தேன். அது அவ்வாறன்று. ஒவ்வொரு வேலையையும் அதற்குரிய இடத்தில் வைப்பதே எளிமை. அழைப்பைக் கேட்கும் இடத்தில் கேட்பது மட்டும். செய்யும் இடத்தில் செய்வது மட்டும். காத்திருக்க முடியாத இடத்தில், காத்திருக்க வைக்கும் வேலையை ஒருபோதும் வைக்கலாகாது. இதை மறந்தால் கணிப்பொறி உறைந்து நிற்கும். எங்கள் கடையில் அம்மாவின் கை வெந்தது.

விடையைத் தெரிந்துகொண்டதும் பேராசிரியர் அவர்களிடம் போய், சிலேட்டிலிருந்து தொடங்கித் தமிழிலேயே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இரண்டு பார்சல் எழுதும்போது மூன்றாவது ஆள் வந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டார்கள். இம்முறை நிற்கவில்லை, மறைப்புப் பதிவகத்தைப் பற்றிச் சொன்னேன். “இதை அப்படியே மலருக்கு எழுதிக் கொடு” என்றார்கள்.

என்னைப் போல் ஆங்கில வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு மேடையேறும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. வரியை விட்டுவிடாதீர்கள், ஆனால் அது ‘ஏன்’ என்று ஒரு முறையாவது நம் வீட்டு மொழியில் கேட்டுப் பாருங்கள். விடை சில வேளைகளில், காலையில் நாம் கழுவி வைத்த பாத்திரங்களுக்கு நடுவிலேயே இருக்கும்.